டாக்டரம்மாவின் அம்மா

குஷாய்குடா,
11-9-1983

என் அருமை மகள் டோரிசுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நான் இங்கே சுகம், வலது தோள்பட்டையைத் தவிர. உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. பரீட்சை என்றால் பரீட்சை என்று ஒரு கார்டில் எழுதிப் போட முடியாதா? தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் கதவிடுக்கில் கையை விட்டுத் துழாவுகிறேன். பேப்பர்காரர் பில்தான் கிடைக்கிறது.

தோள் விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு மாதமாய்க் கை காதுக்கு மேலே ஏறமாட்டேன் என்கிறது. தலை பின்ன முடியவில்லை. கமலா காலையில் கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து கொண்டை போட்டுவிடுகிறாள். டெஸ்ட் பெஞ்சில் மேல் குமிழை இடது கையால் திருப்புகிறேன். ஃபோர்மேன் பாலசுப்ரமணியன் சார் பார்த்துவிட்டு, "கனகமணியம்மா, கொஞ்ச நாளைக்குப் பேக்கிங்குக்குப் போறேளா?" என்றார். "சார், பன்னிரண்டு வருஷத்தில் நான் பாஸ் போட்ட ஒரு டெலிவிஷன் பெட்டியாவது திரும்பி வந்திருக்கிறதா?" என்று கேட்டேன். மனுஷன் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

டிஸ்பென்சரி டாக்டர் செகந்திராபாத் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பிசியோதெரபி, பத்துத் தடவையாம். தோளில் மெஷினை வைத்து லேசாகக் கரண்ட் விடுவார்களாம். எலக்ட்ரிக் மசாஜ் என்று நர்ஸ் சொன்னாள். சீட்டை வேதாகமத்துக்குள் வைத்தேன், அங்கேயே இருக்கிறது. கை பிடித்துவிட ஒரு ஆஸ்பத்திரியா? நீ வருத்தப்படாதே, உன் படிப்பைச் சொல்லவில்லை. நீ இரண்டே மார்க்கில் டாக்டர் சீட்டைத் தவறவிட்டவள் என்பது எனக்கும் கர்த்தருக்கும் தெரியும்.

கம்பெனி லைனில் எல்லோரும் "டாக்டரம்மா எப்போ வர்றாங்க?" என்று கேட்கிறார்கள். டிசம்பர் 22 என்று சொல்லி வைத்திருக்கிறேன். டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு.

உன் அன்பு அம்மா,
கனகமணி


வேலூர்,
18-9-1983

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

கடிதம் தாமதித்ததற்கு மன்னியுங்கள். இரண்டு வாரமாக வார்டிலேயே இருக்கிறேன். தோளைப் பற்றி இரண்டு மாதம் சொல்லாமல் இருந்ததற்கு நான் உங்களை மன்னிக்கவில்லை.

உங்களுக்கு வந்திருப்பது தோள் மூட்டு இறுகிப்போகிற நோவு. உங்கள் வயதில் நிறையப் பெண்களுக்கு வரும். தைலம் தேய்த்தால் தைலம்தான் தீரும். சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் வெந்நீர் ஒத்தடம், பிறகு இரண்டு ரப்பர் பட்டைகளை ஒட்டி மிக மெல்லிய கரண்ட் கொடுப்பார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வலி கொஞ்சம் அடங்கியதும் கையை அசைக்கப் பழக்குவார்கள். கரண்ட் கதவைத் திறந்துவிடும், நடந்து போகவேண்டியது நீங்கள்தான்.

இனி நான் எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

மே மாத லீவில் பாலசுப்ரமணியன் மாமா நம் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? தன் ஈ.சி.ஜி. காகிதத்தை என்னிடம் நீட்டி, "நீயே பார்த்துச் சொல்லும்மா டாக்டர், எனக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கு அடியில் நீங்கள் என் காலை மிதித்தீர்கள். "பெரிய டாக்டரிடம் உடனே காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லித் தப்பித்தேன். அந்த வாரம் முழுவதும் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்துகொண்டே இருந்தேன், அம்மா.

நான் டாக்டர் இல்லை. டாக்டர் ஆகாமல் போனவளும் இல்லை. பிசியோதெரபி படிக்கிறவள். அதில் வெட்கப்பட எனக்கு எதுவும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. உங்கள் வாயால், உங்கள் லைனில் எல்லோருக்கும் நீங்கள் இதைச் சொல்லும்வரை நான் குஷாய்குடாவுக்கு வரமாட்டேன். கிறிஸ்துமஸுக்கும்தான்.

தோளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
டோரிஸ்


குஷாய்குடா,
9-10-1983

என் அருமை மகள் டோரிசுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா இல்லாத பிள்ளை என்று அதட்டாமல் வளர்த்தேன், அதன் பலன் தபாலில் வருகிறது. சரி, அது கிடக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, கமலா போடுகிற கொண்டை கோணலாக இருக்கிறது என்பதற்காக.

அங்கே உமாசங்கர் என்று ஒரு பிள்ளை. மூன்று தலைமுறையாய் செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பமாம், பேச்சில் பாதி உருது கலந்திருக்கிறது. நீ எழுதின மாதிரியே ஒத்தடம் கொடுத்தான், களிம்பு தடவி இரண்டு பட்டைகளை ஒட்டினான். "ஆன்ட்டி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறேன். எறும்பு ஊர்ற மாதிரி தெரிஞ்சதும் சொல்லுங்க, அங்கேயே நிறுத்திடறேன்" என்றான்.

குமிழ் இரண்டுக்கு வந்ததும் எறும்பு வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. ஆனால் நான் யார்? பன்னிரண்டு வருஷமாய் ஹை-வோல்டேஜ் டெஸ்டில் இருக்கிறவள். வீட்டில் இருநூற்று முப்பது வோல்ட்டில் ஓடப்போகிற பெட்டிக்கு நான் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். தாங்கினால் பாஸ், ஆரம்பத்திலேயே அலறினால் ரிஜெக்ட். உன் அப்பா தேவசகாயத்தின் பெண்சாதி இரண்டிலேயே அலறினாள் என்று பெயர் வாங்கவா? வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"தெரியுதா ஆன்ட்டி?"

"இல்லை."

"இப்போ?"

"இல்லை தம்பி."

அந்தப் பிள்ளை மெஷினைத் தட்டிப் பார்த்தான், வயரை ஆட்டிப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் ஏற்றினான். திடீரென்று என் தோள் என்னைக் கேட்காமல் காதுவரைக்கும் துள்ளியது பார்! "நக்கோ, நக்கோ!" என்று, வேண்டாம் வேண்டாம் என்று உருதுவில் கத்திக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினான். "கைக்கு ஆன்ட்டி? கைக்கு சொல்லலே?" என்று அழாத குறையாகக் கேட்டான். கைக்கு என்றால் அவர்கள் பேச்சில் ஏன் என்று அர்த்தமாம். "எவ்வளவு தாங்கும் என்று பார்த்தேன் தம்பி" என்றேன். அவன் நெற்றியில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு நாள் தோள் கல்லாகிக் கிடந்தது. கமலாவிடம், தூங்கும்போது பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருக்கிறேன். இதுதான் உன் எறும்பா?

மற்ற விஷயத்தை நேரில் பேசிக்கொள்வோம். வரமாட்டேன் என்றெல்லாம் எழுதாதே. கிறிஸ்துமஸ் அன்று பிள்ளை இல்லாத வீட்டில் நட்சத்திரம் கட்டினால் யார் பார்ப்பது?

உன் அன்பு அம்மா,
கனகமணி


வேலூர்,
16-10-1983

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் சத்தமாக வாசித்தேன். என் அறைத்தோழி ரமா சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தாள். அப்புறம் எங்கள் மேடத்திடமும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இதை எல்லா மாணவிகளும் படிக்கணும். நோயாளி சொல்லவில்லை என்றால் தெரியவில்லை என்று அர்த்தமில்லை, முகத்தைப் பார்க்கணும்" என்றார். ஆக, உமாசங்கர் மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது. ஆனால் உங்கள் முகத்தைப் படிக்க அவருக்குப் பயிற்சி போதாது. எனக்கே இருபது வருஷம் ஆனது.

அம்மா, நீங்கள் டெலிவிஷன் பெட்டி இல்லை. உங்களுக்கு ரிஜெக்ட் சீட்டு ஒட்ட அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த மெஷினில் இருக்கிற எண் ஒரு பேச்சுக்குத்தான். ஒரே ஆளுக்கு இன்றைக்கு இரண்டில் தெரிவது நாளைக்கு மூன்றில் தெரியும். எங்களுக்கு உண்மையான மீட்டர் நோயாளியின் வாய்தான். அவர் மறைத்தால் நாங்கள் குருடர்கள். தாங்குவது சிகிச்சை இல்லை, சொல்வதுதான் சிகிச்சை.

போன வாரம் பீடி சுற்றுகிற ஒரு அம்மாள் வந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒன்பது மாதம். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டதும் அழத் தொடங்கிவிட்டார். வலியால் இல்லையாம், யாரும் இதுவரை கேட்கவில்லையாம். ஆறாவது நாள் திரும்பிப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரியைத் திட்டினார். எனக்கு அப்படி ஒரு பெருமை! உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

மறுபடி போங்கள். இந்தத் தடவை எறும்பு வந்ததும் சொல்லுங்கள்.

நேரில் பேச ஒன்றும் இல்லை. நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். இனி நீங்கள்தான், அதுவும் என்னிடம் இல்லை.

உங்கள் அன்பு மகள்,
டோரிஸ்


குஷாய்குடா,
20-11-1983

என் அருமை மகள் டோரிசுக்கு,

இந்தக் கடிதத்தின் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார். வலது கையால், மேஜையில் முழங்கையை ஊன்றாமல் எழுதுகிறேன்.

எட்டுத் தடவை முடிந்தது. இரண்டாவது தடவை போனபோது உமாசங்கர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். "ஆன்ட்டி, சாமி சத்தியமா சொல்லுவீங்களா?" என்றான். "எங்கள் சபையில் சத்தியம் செய்வதில்லை, ஆனால் சொல்லுவேன்" என்றேன். இரண்டரையில் எறும்பு வந்தது, சொன்னேன். அங்கேயே நிறுத்தினான். இருபது நிமிஷம். அதிசயம் என்னவென்றால், அந்த இருபது நிமிஷத்தில் வலி எங்கோ தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு சுவரில் விரலால் நடக்கச் சொல்கிறான். முதல் நாள் மூன்றாவது டைல், நேற்று எட்டாவது டைல். உன் அப்பா உயரம்!

என் முறைக்காகக் காத்திருக்கும்போது மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போவன்பள்ளி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒரு ஆள், மலை மாதிரி இருப்பார், இடுப்பு ஒரு பக்கமாய் வளைந்து வந்தார். உமாசங்கர் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, பாதத்தைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு விரலாக அசைத்துக் கேட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மகளும் இப்படித்தானே யார் காலையோ பிடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். முதலில் அது குத்தியது. நேற்று அந்த ஆள் நிமிர்ந்து நடந்து வந்து, எனக்குக்கூட ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார். அப்போது குத்தவில்லை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை கேன்டீனில், ஒரு தடவை பஸ்ஸில். முடியவில்லை.

ஏன் என்று உனக்குச் சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை. உன் அப்பா போன பிறகு அவருடைய வேலைக்குப் பதிலாக எனக்கு வேலை கொடுத்தார்கள் அல்லவா, முதல் நாள் லைனில் நுழைந்ததும் பதினோரு பெண்களும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "பாவம்." புடவை நன்றாக இருந்தால் பாவம், சிரித்தால் பாவம். நான் ஹை-வோல்டேஜுக்கு வந்ததற்கே காரணம், அந்தப் பெஞ்சில் யாரும் பக்கத்தில் வந்து பேசமாட்டார்கள் என்பதுதான். பத்து வருஷம் அப்படிப் போனது. நீ வேலூர் போன அன்று "மகள் வேலூரில் படிக்கிறாள்" என்றேன். யாரோ "டாக்டருக்கா?" என்றார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, டோரிஸ். இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் பாவம் இல்லை.

அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

உன் அன்பு அம்மா,
கனகமணி


வேலூர்,
2-12-1983

அன்புள்ள அம்மாவுக்கு,

எட்டாவது டைல் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை எழுதினதற்கு நன்றி. மற்றதை எழுதினதற்கு இன்னும் அதிக நன்றி. "பாவம்" பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செப்டம்பர் கடிதத்தை இன்னும் மெதுவாக எழுதியிருப்பேன்.

ஆனாலும் எழுதியிருப்பேன். நீங்கள் அவர்களிடம் பெருமையாகச் சொல்கிற பெண் வேறு யாரோ. அவளுடைய அறையில்தான் நான் லீவுக்கு வந்து தங்குகிறேன். அவளுடைய காபியைக் குடிக்கிறேன். அவள் இரண்டு மார்க் கூட வாங்கியவள். அவளோடு என்னால் போட்டி போட முடியவில்லை, அம்மா.

கிறிஸ்துமஸ் வாரத்துக்கு வார்டு டியூட்டியில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பதினைந்தாம் தேதிக்குள் சொன்னால் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாவது, பத்தாவது தடவைகளைத் தவற விடாதீர்கள்.

டோரிஸ்


குஷாய்குடா,
11-12-1983, ஞாயிறு

என் மகளே டோரிஸ்,

இதை எழுதி முடித்ததும் செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போய் ஆர்.எம்.எஸ். தபால் பெட்டியில் நானே போடப்போகிறேன். பதினைந்துக்கு முன் உன் கைக்கு வந்தாக வேண்டும்.

நேற்று சொல்லிவிட்டேன்.

கேன்டீனில், சாப்பாட்டு வேளையில். பதினோரு பேரும் இருந்தார்கள். அடுத்த மேஜையில் பாலசுப்ரமணியன் சார் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டேன், அவருடைய ஈ.சி.ஜி.க்கு நான் பதில் சொல்ல வேண்டியவள் அல்லவா. எழுந்து நின்றேன். எறும்பு வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று நீதானே எழுதினாய். "எல்லோரும் கேளுங்கள். என் மகள் டோரிஸ் டாக்டருக்குப் படிக்கவில்லை. பிசியோதெரபி படிக்கிறாள். இரண்டரை வருஷமாய் உங்களை ஏமாற்றியிருக்கிறேன்" என்றேன்.

கமலா தலையைக்கூட நிமிர்த்தவில்லை, சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "ஒக்காரு கனகா, சோறு ஆறுது" என்றாள்.

"நான் சொன்னது காதில் விழுந்ததா?"

"விழுந்துச்சு. எங்களுக்குத்தான் மொதல்லேருந்தே தெரியுமே. எங்கண்ணன் அந்த வேலூர் ஆஸ்பத்திரி சமையல்கட்டுலதானே இருக்கான்."

"அப்போ ஏன் டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கூப்பிட்டீர்கள்?"

"நீ சந்தோஷப்பட்டியே" என்றாள்.

பாலசுப்ரமணியன் சாருக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அப்போ என் ஈ.சி.ஜி.?" என்றார். "என் மகள் சொன்னபடி பெரிய டாக்டரிடம் போனீர்களா?" என்று கேட்டேன். "போனேன். வெறும் கேஸ் டிரபிள்னுட்டார்" என்றார். லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே அவமானம் பிடுங்கித் தின்றது. இரண்டரை வருஷம் என்னிடம் இவர்கள் காட்டியதும் பாவம்தானா என்று இருந்தது. கமலாவிடம் அதையே கேட்டுவிட்டேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன வருஷம் எங்கண்ணியோட அம்மா வாதம் வந்து விழுந்தாங்க, ஞாபகம் இருக்குதா? ஒரு பக்கம் வரவேயில்ல, அவ்ளோதான்னு நெனச்சோம். அவங்களை நடக்க வெச்சது யாருன்னு நெனைக்கிறே? ஒம் மக. டீச்சர் பக்கத்துல நிக்க, தெனம் ரெண்டு வேளை, மூணு மாசம். எங்கண்ணன் வீட்ல ஒம் மக பேரைச் சொல்லித்தான் வெளக்கே ஏத்தறாங்க. அவ என்ன படிக்கிறான்னு எங்க எல்லாருக்கும் தெரியும் கனகா. ஒனக்குத்தான் தெரியல."

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

இந்த விஷயத்தை நீ ஏன் எனக்கு எழுதவில்லை என்று முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. இன்று ஆராதனை முடிந்து வந்ததும் உன் கடிதங்களை எல்லாம் கட்டிலில் பரப்பினேன். இந்த வருஷம் மார்ச் மாதக் கடிதத்தில் இருக்கிறது. "இன்றைக்கு என் நோயாளி பதினோரு அடி நடந்தார், அம்மா. யாரும் பிடிக்கவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியின் மேலேயே, ஓரத்தில் இடம் போதாமல், அன்றைக்கு நான் பாஸ் போட்ட பெட்டிகளின் நம்பர்களை எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்து நான்கு நம்பர்கள். அவ்வளவையும் சரியாக எழுதியிருக்கிறேன்.

பதினோரு அடி. யாரும் பிடிக்காமல். ஒன்பது மாதம் கழித்து இப்போதுதான் படிக்கிறேன், என் தங்கமே.

டியூட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு வா. வந்து அந்தப் பதினோரு அடியை முதலிலிருந்து எனக்குச் சொல். அவர் எந்தக் காலை முதலில் வைத்தார், நீ எங்கே நின்றாய், அப்போது உன் நெஞ்சு எப்படி அடித்தது, எல்லாம் எனக்கு வேண்டும்.

டோரிசின் அம்மா,
கனகமணி